சர்ப்பகந்தி கேட்டேன், அதன் பங்காளியைக் கொடுத்தார்கள்

கடை பெயர் வேண்டாம். மூலிகைச் செடி மட்டும் விற்கும் ஒரு நர்சரி, அவ்வளவு போதும்.

என் தாத்தா வருஷக்கணக்கில் பி.பி.க்கு அடெல்ஃபேன் மாத்திரை போட்டவர். அதில் இருந்த ரெசர்பின், 1952இல் சிபா கம்பெனிக்காரர்கள் முதன்முதலாகச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த சரக்கு என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தச் செடி ஒன்று வீட்டில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. போன ஆடியில் போய் ஒரு கன்று 180 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

கன்றைக் குறை சொல்ல முடியாது. செம்மண், மணல், மட்கிய எரு எல்லாம் சரியாகக் கலந்திருந்தார்கள், வேர் பையைச் சுற்றி முறுக்கிக்கொள்ளவில்லை, தொட்டியில் மாற்றியும் ஒரு நாள்கூட வாடவில்லை.

சிக்கல் பூ விட்டபோதுதான் தெரிந்தது. சர்ப்பகந்திப் பூ என்றால் சிவந்த காம்பில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொத்தாக, பார்க்கவே அழகாக இருக்கும். இதில் வந்தது கண்ணுக்கே தெரியாத வெளிர்ப் பூ. அப்புறம்தான் இலையைக் கவனித்தேன்: கணுவுக்கு நான்கு, அதுவும் ஒன்று பெரிது ஒன்று சிறிது. காய் பச்சையிலிருந்து சிவந்து கடைசியில் கறுத்தது. சந்தேகமே இல்லை, இது சர்ப்பகந்தியின் பங்காளிச் செடி, ராவுல்ஃபியா டெட்ராஃபில்லா. அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர்க் குட்டிச்சுவர் ஓரமெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிற பாம்புக்களா! அதற்குத்தான் 180 ரூபாய்.

நர்சரிக்காரருக்குப் போன் செய்தேன். "ரெண்டும் ஒரே குடும்பம்தான் சார், வேலையும் ஒண்ணுதான்" என்றார். பாதி உண்மை. இதன் வேரிலும் ரெசர்பின் இருக்கிறது, மருந்துச் சரக்கில் சர்ப்பகந்தி வேரோடு இதைக் கலப்பதும் பழைய கதை. அசல் செடியைக் காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே அருகச் செய்துவிட்டோம், 1990இலிருந்து அதன் வெளிநாட்டு வியாபாரத்துக்கே சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வியாபாரம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாடு இருக்கிறது. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லலாமே, ஏன் பெயரை மாற்றி ஒட்ட வேண்டும்?

இதைக்கூட விட்டுவிடுவேன். பையில் தொங்கிய சீட்டில் "பி.பி. குறைய வேர்ப்பொடி தினம் ஒரு ஸ்பூன்" என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த மருந்து சர்ப்பகந்தி. அவர் நோயாளிகளுக்கு அளந்து கொடுத்துப் பார்த்து எழுதினார். அடெல்ஃபேன் மாத்திரையில் இருந்த ரெசர்பினே 0.1 மில்லிகிராம்தான். வேரில் எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி மாறும். ஏற்கெனவே பி.பி. மாத்திரை போடுகிற ஒருவர் ஸ்பூன் கணக்கில் விழுங்கினால் அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். நாடித்துடிப்பு குறையும், மனச்சோர்வும் வரும்.

செடி வளர்ப்புக்கு 4 ஸ்டார், பெயருக்கு 1, சீட்டுக்குப் பூஜ்யம். மாற்றித் தருகிறீர்களா என்று கேட்டதற்கு, "தாராளமா வாங்க சார், ஆனா எங்ககிட்ட இருக்கிறது எல்லாமே இதே செடிதான்" என்றார்.