ஹாட் டப் எங்கே வைக்கலாம்: பால்கனியா, மொட்டை மாடியா, முற்றமா?

முட்டம், திற்பரப்பு பக்கம் ஹோம்ஸ்டே போடுகிறவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டுகிறவர்கள் என்று சிலர் இப்போது ஹாட் டப் (வெந்நீர் நிரப்பி, சிலர் சேர்ந்து உட்கார்ந்து குளிக்கும் பெரிய தொட்டி) விசாரிக்கிறார்கள். விலையைக் கேட்கிறார்கள், கரண்ட் பில்லைக் கேட்கிறார்கள். எடையைக் கேட்பவர் அபூர்வம். எனக்குக் கவலை அங்கேதான்.

இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் உள்ள டப்பில் சுமார் 1,200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது 1,200 கிலோ. காலி டப் 300 கிலோ என்று வையுங்கள். ஐந்து பேர் இறங்கினால் இன்னொரு 350. ஆக 1,850 கிலோ. சதுர மீட்டருக்கு 460 கிலோவுக்கு மேல். ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 எடுக்கச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். வீட்டு அறைக்கு 200, பால்கனிக்கு 300. அமெரிக்காவில் வீட்டை ஒட்டிப் போடும் திறந்த மரத்தளங்களான டெக்குகளுக்கும் வழக்கமான கணக்கு சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது 195 கிலோ அளவுதான். ஹாட் டப் வைப்பதென்றால் அங்கேயும் அடியில் தனியாகத் தூணும் உத்தரமும் கொடுத்துப் பலப்படுத்துகிறார்கள்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் பால்கனி மேல் என்று தோன்றும். மூன்றிலும் மோசமான இடம் அதுதான். வெளியே நீட்டிய பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். அதைத் தாங்கும் கம்பி ஸ்லாபின் மேல்பாகத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால், பலத்தில் பெரும்பங்கு அப்போதே போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரிசல் விழுவதும் சுவரை ஒட்டிய மேல்பரப்பில். அதை டைல்ஸ் மூடிவிடும். குளச்சல், மண்டைக்காடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. நீட்டிய பால்கனியில் ஹாட் டப் வேண்டவே வேண்டாம்.

மொட்டை மாடி என்றதும் எல்லோரும் சொல்வது: "2,000 லிட்டர் டேங்க் நிக்குதே, இது நிக்காதா அண்ணே?" அந்த டேங்க் எங்கே நிற்கிறது என்று ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் படிக்கட்டு அறையின் மேலே இருக்கும். அதன் எடை நாலு சுவர் வழியாக நேரே அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. ஹாலுக்கு மேலே, ஸ்லாபின் நட்டநடுவில் வைக்கும் டப்புக்கு அந்த வழி கிடையாது. நாலரை, ஐந்து அங்குல ஸ்லாப் அந்தப் பாரத்தை வளைந்து வாங்க வேண்டும்; தண்ணீர் மாதக்கணக்கில் நின்றால் தொய்வும் கூடிக்கொண்டே போகும்.

மாடியிலேயே வேண்டும் என்றால் ஒரு நல்ல வழி உண்டு. ஒரு பீமிலிருந்து எதிர் பீமுக்கு இரும்பு கர்டர்களைப் போட்டு, ஸ்லாபைத் தொடாதபடி தூக்கி, அதன்மேல் டப்பை வைக்கலாம். பாரம் பீம், தூண் வழியாகப் போகும். அந்த பீமுக்கும் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் தெம்பு இருக்கிறதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கம்பி வரைபடம் இல்லாத வீடென்றால் கம்பியைக் கண்டுபிடிக்கும் கருவியும், கான்கிரீட்டின் உறுதியைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமரும் கொண்டு வருவார். அதற்கு முன் நீங்களே கீழ்த்தளத்துச் சீலிங்கைப் பாருங்கள். துருக்கறை, கம்பி ஓடும் திசையில் நேர்க்கோட்டு விரிசல், தட்டினால் பொள்ளென்று கேட்கும் பூச்சு: இதில் ஒன்று தெரிந்தாலும் மாடி யோசனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"தண்ணி நிறைச்சுப் பாத்திரலாம்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். முறையான சுமைச் சோதனையில் கணக்கிட்ட பாரத்தை 24 மணி நேரம் நிறுத்தி, தொய்வை அளந்து, எடுத்தபிறகு எவ்வளவு மீள்கிறது என்றும் பார்ப்பார்கள். ஒரு ராத்திரி விழாமல் நின்றது என்பது சோதனை ஆகாது.

இரும்புச் சட்டத்தில் மரப்பலகை பாவிய சிட்அவுட்டும் சிலர் வீட்டில் உண்டு. அதில் சட்டத்தைவிட, அது வீட்டுச் சுவரோடு சேரும் போல்ட்டையும் வெல்டிங்கையும் பாருங்கள். அமெரிக்காவில் டெக் சரிந்த சம்பவங்களிலும் வீட்டோடு சேரும் இடம் பிடுங்கிக்கொண்டதே அடிக்கடி சொல்லப்படும் காரணம்.

என் ஓட்டு முற்றத்துக்கு. உறுதியான செம்மண் சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவுகூடத் தாங்கும். 460 கிலோ அதற்குப் பாரமே இல்லை. மண்ணை நன்றாக இடித்து, ஜல்லி பரப்பி, கம்பி போட்டு நாலு அங்குலம் கான்கிரீட் போட்டால் போதும். வயலை மண் போட்டு நிரப்பிய மனை என்றால் மட்டும் கவனம் வேண்டும்: நிரப்பிய மண் ஒரு பக்கமாக இறங்கி டப் சரியும், குழாய் இணைப்பு விட்டுப்போகும். அங்கே நிரப்பு மண்ணைத் தோண்டி, பழைய கெட்டி மண்வரை போய் அடித்தளம் எழுப்புங்கள். குளோரின் கலந்த தண்ணீரை மாற்றும்போது கிணற்றுப் பக்கமோ வாழை மூட்டிலோ போகாதபடி ஓடையையும் கான்கிரீட் போடும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.