சுருக்கு ஃபிரிலா, வட்ட ஃபிரிலா?

மகளின் தீபாவளி கவுனுக்கு அரப் ஸ்ட்ரீட்டில் மெல்லிய காட்டன் வாங்கி வந்தேன். ஒரு கைக்குச் சுருக்கு ஃபிரில், மறு கைக்கு வட்ட ஃபிரில் என்று தைத்துப் பார்த்தேன்.

சுருக்கு ஃபிரிலுக்குக் கணக்கு எளிது: 30 செ.மீ. சுற்றளவுக்கு 60 செ.மீ. நீளப் பட்டை. 4 மி.மீ. தையலில் இரண்டு வரிசை ஓட்டி, அடிநூலை மட்டும் மெதுவாக இழுக்க வேண்டும். ஒரே வரிசை போட்டால் சுருக்கம் ஒரு பக்கமாகக் குவியும். நூல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். பாவாடை ஓரத்தில் இந்தப் புசுபுசுப்புக்கு ஈடே இல்லை. ஆனால் அக்குளில் மடிப்பெல்லாம் சேர்ந்து தடித்துவிடுகிறது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அது பிள்ளையின் தோலை உரசிக்கொண்டே இருக்கும்.

வட்ட ஃபிரில் என்பது வளையமாக வெட்டிய துணி; அதன் உள்வட்டம்தான் கையோடு சேரும், சுருக்கமே கிடையாது. சுற்றளவு 30-ஐ 6.28-ஆல் (2π) வகுத்தால் ஆரம் 4.8 செ.மீ.; தையலுக்கு 1 செ.மீ. விட்டு, 3.8-இல் உள்வட்டம் வெட்டினேன். அந்த ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கத்தரித்து விட்டால் தையல் தட்டையாக உட்காருகிறது, துணி கீழே அலை அலையாக விழுகிறது. துணி கூடுதலாகப் பிடிக்கும். வளைந்த ஓரத்தை மடித்துத் தைக்கப் பொறுமை வேண்டும். சரி, அந்த அழகுக்கு அது தகும்.

சுருக்கைப் பிரித்து, மறு கைக்கும் வட்டமே வைத்துவிட்டேன்.