முழு மயக்கத்தில் பிள்ளையின் பல் வைத்தியம்: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

நான்கு வயதுப் பிள்ளைக்கு எட்டுப் பல் சூத்தை. முரசில் சீழ்க் கொப்புளம். இரவில் அழுகை, சாப்பாடு ஒரு பக்கத்தால் மட்டும். கதிரையில் இருத்தினால் வாயைத் திறக்காது. இப்படி வரும் பிள்ளைக்குத்தான் பல் டொக்டர் "முழு மயக்கம் கொடுத்துச் செய்வம்" என்று சொல்லுவார். கேட்டதும் வீட்டில் பாதிப்பேர் பயந்துபோவார்கள். மீதிப்பேர் ஒரே நாளில் எல்லாம் முடிகிறதே என்று நிம்மதிப்படுவார்கள். இந்தச் சேவையைப் பற்றி எங்கள் மதிப்பீட்டை முதலே சொல்லிவிடுகிறோம்: மயக்கம் கொடுக்கிற பகுதி இதில் நன்றாக நடக்கிற பகுதி. குழப்பம் வருவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். என்ன செய்யப் போகிறார்கள் என்று பெற்றோருக்கு விளங்கச் சொல்வதிலும், பிறகு பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பதிலும் சேவை தளர்ந்து போகிறது.

மயக்கத்துக்குச் சம்மதிக்க முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மயக்கம் இல்லாமல் செய்ய வழி உண்டா? ஒன்றிரண்டு பல்லுக்காக முழு மயக்கம் தேவைப்படுவது குறைவு. வெள்ளிச் சத்துள்ள புளோரைட் திரவம் ஒன்று இருக்கிறது. அதைச் சூத்தையில் தடவினால் அந்த இடம் கறுத்துப்போகும், ஆனால் சூத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை. கடைவாய்ப் பாற்பல்லுக்கு, விறைப்பூசி போடாமலே உருக்கு மூடியை அழுத்திப் பொருத்தும் முறையும் உண்டு. இரண்டும் சீழ் கட்டாத பல்லுக்குத்தான் சரிவரும். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்கள் 3 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காகவே நடப்பவை. மூன்றரை வயதில் அங்கே கொண்டுபோய்க் காட்டியிருந்தால் சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலுக்குப் போகத் தேவையில்லாத பிள்ளைகள் நிறையப்பேர்.

ஆனாலும் சில பிள்ளைகளுக்கு முழு மயக்கம்தான் சரியான வழி. வாய் முழுக்கச் சூத்தையான சின்னப் பிள்ளை, ஓட்டிசம் அல்லது மூளை வாதம் உள்ள பிள்ளை, முகம் வீங்கி வாய் திறக்க முடியாமல் வரும் பிள்ளை. இவர்களை நாலு பேர் பிடித்து வைத்துப் பல் கழற்றுவதைவிட மயக்கம் எவ்வளவோ மேல். பிடித்து வைத்துச் செய்த பிள்ளை பிறகு எந்த வெள்ளைக் கோட்டைக் கண்டாலும் அலறும்.

எங்கே செய்வது? திருகோணமலைக் குடும்பத்துக்கு முதல் வாசல் பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக். அங்கிருந்து கடிதத்தோடு மேலே அனுப்புவார்கள். சிறுவர் பல் வைத்தியத்துக்கென்று தனி நிபுணர்கள் தேவையென்றால் பெரும்பாலும் பேராதனைப் பல் வைத்தியசாலையோ கொழும்புத் தேசியப் பல் வைத்தியசாலையோதான். அரசாங்கத்தில் செலவில்லை. செலவு காத்திருப்பிலும் பயணத்திலும் வரும். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போக பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். காலை ஏழு மணிக்கு வாட்டில் நிற்கச் சொன்னால் முதல் நாளே போய்த் தங்குவதுதான் புத்தி. திரும்பும் பயணத்தை அன்றே வைக்கவும் கூடாது. மயக்கம் தெளிந்த பிள்ளைக்கு வாந்தி வருவது சாதாரணம், மாத்தளைப் பாதையின் வளைவுகளில் அது இன்னும் கூடும். இரவு இரத்தம் கசிந்தால் நடுவழியில் யாரிடம் காட்டுவது?

தனியார் இடத்தில் செய்பவர்கள் விலையைக் கேட்க முன் மூன்று விஷயம் கேட்கவேண்டும். மயக்கம் கொடுப்பது அதற்கென்று படித்த நிபுணரா? அவர் முழு நேரமும் பிள்ளையின் தலைமாட்டிலேயே நிற்பாரா? ஏதும் பிழைத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? பல் டொக்டரின் கிளினிக் கதிரையிலேயே முழு மயக்கம் கொடுப்பதாக எவரும் சொன்னால் மறுத்துவிட்டு வரலாம். பிரித்தானியாவில் 2001 முடிவோடு அதை நிறுத்தி, தீவிர சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குள் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பல் வைத்தியத்தில் மயக்கத்தால் வரும் ஆபத்து பெரும்பாலும் மூச்சுப் பாதையில் வருவது. அதைச் சமாளிக்க ஆளும் கருவியும் நிமிடக் கணக்கில் கையில் இருக்கவேண்டும்.

தியேட்டருக்கு முந்திய கிளினிக் நாள்தான் முழு வேலையிலும் முக்கியமான நாள். அன்றைக்குத்தான் பெற்றோர் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும், அன்றைக்குத்தான் பெரும்பாலானோர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே எடுத்தார்களா என்று பாருங்கள். இரண்டு கடைவாய்ப்பல் ஒட்டி நிற்கும் இடத்தில் வரும் சூத்தை கண்ணுக்குத் தெரியாது. கதிரையில் எக்ஸ்ரேக்கு இணங்காத பிள்ளை என்றால் மயக்கத்திலேயே எடுப்பார்கள். அப்போது "எத்தனை பல் கழற்ற வரும்" என்பது உள்ளே போனபின்தான் முடிவாகும். அதை முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கவேண்டும். சொல்லாமல் விடுவதால்தான், இரண்டு பல் என்று நினைத்து அனுப்பிய தாய் ஆறு பல் போன வாயைப் பார்த்து அதிர்ந்து நிற்கிறாள்.

ஆறு பல் கழற்றியது தவறாகவும் இருக்காது. கதிரையில் செய்யும் வைத்தியமும் மயக்கத்தில் செய்யும் வைத்தியமும் ஒரே கணக்கில் போவதில்லை. கதிரையில் சந்தேகமான பல்லை அடைத்துவிட்டு மூன்று மாதம் பார்க்கலாம். மயக்கத்தில் அப்படிப் பார்க்க முடியாது. அந்தப் பல் திரும்ப நோக ஆரம்பித்தால் இன்னொரு மயக்கம் கொடுக்கவேண்டி வரும். அதனால் இரு மனதாக இருக்கும் பல்லைக் கழற்றுவார்கள், அரைகுறையாக நிற்கும் கடைவாய்ப் பாற்பல்லுக்குச் சாதாரண அடைப்புக்குப் பதில் உருக்கு மூடி போடுவார்கள். பெற்றோர் பலர் "வெள்ளி நிறமாய்த் தெரியும், வேண்டாம்" என்று மறுப்பதுண்டு. தயவுசெய்து மறுக்காதீர்கள். பல பக்கம் சூத்தையான பாற்பல்லில் அடைப்பு கழன்று விழும், மூடி பல் தானாக விழும் வரை நிற்கும். பத்துப் பதினொரு வயதில் பல்லோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஒரே மயக்கத்தில் முழு வாயும் முடிந்துவிட்டதா என்பதை வைத்தே நாங்கள் இந்தச் சேவையை நல்லது, கெட்டது என்று சொல்லுவோம்.

இன்னும் ஒன்று. ஆறு வயதில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். "எப்படியும் விழப்போற பல்தானே" என்று அதையும் சேர்த்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எந்தப் பல் பால், எந்தப் பல் நிரந்தரம் என்று கிளினிக் கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயத்திலும் எங்கள் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கமிருந்து வரும் பல பிள்ளைகளின் தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார். கொண்டுவருவது அம்மம்மா. சத்திரசிகிச்சை நாளில் "இவர் பாதுகாவலரா" என்ற கேள்வி எழுந்து பிள்ளை பட்டினியோடு திரும்பக்கூடாது. யார் கையெழுத்து வைக்கலாம், என்ன கடிதம் வேண்டும் என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். சம்மதப் படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டப்பட்டால், தமிழில் ஒருவர் விளங்கப்படுத்தும்வரை பேனையை எடுக்கவேண்டாம். கேட்டால் ஆள் கூப்பிடுவார்கள், கேட்பதற்குத்தான் எங்கள் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள்.

மயக்க டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டியவை: தொய்வு உண்டா, பம் பாவிக்கிறதா, இதயத்தில் ஓட்டை என்று எப்போதாவது சொன்னார்களா, இரத்தம் நிற்காமல் வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கும் மயக்கத்தில் பிரச்சினை வந்ததா, பல் ஏதும் ஆடுகிறதா. ஆடும் பல் மூச்சுக் குழாய்க்குள் விழலாம். சில இதயக் குறைபாடுகளுக்கு வேலை தொடங்க 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பார்கள், அதற்கு இதயக் கிளினிக் கடிதம் கையில் வேண்டும். தடிமன், சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்கவே கூடாது. சளி பிடித்த பிள்ளையின் மூச்சுப் பாதை சின்னத் தூண்டலுக்கே இறுகிவிடும். அதற்குத்தான் இரண்டு முதல் நான்கு வாரம் பிற்போடுவார்கள். மாதக்கணக்காகக் காத்திருந்த திகதி போகிறதே என்று இருமல் பாணியைக் கொடுத்து அடக்கிக்கொண்டு வருவதுபோல் ஆபத்தான காரியம் இந்த முழு வேலையிலும் இல்லை.

பட்டினிக் கணக்கு எளிது. சாப்பாடும் மாட்டுப்பாலும் பால்மாவும் 6 மணித்தியாலத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன், வெறும் தண்ணீரோ பாலில்லாத பிளேன்ரீயோ 2 மணித்தியாலத்துக்கு முன். எண்ணெய்ச் சாப்பாடு, இறைச்சி என்றால் 8. ஆஸ்பத்திரி வேறு நேரம் சொன்னால் அதையே பிடியுங்கள். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், அதுதான் பயம். விதியை மீறுவது பெரும்பாலும் பக்கத்துக் கட்டிலில் கிடைத்த பிஸ்கட்டால். அழுகிற பிள்ளையைப் பார்த்து இரங்கி யாராவது ஒன்றை நீட்டிவிடுவார்கள். நடந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நேரத்தைத் தள்ளுவார்கள். அதற்கு மாறாக, இரவு பத்து மணியிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்து, மத்தியானம்தான் முறை வந்தால் பிள்ளை சோர்ந்துபோகும். "தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடுக்கலாம்" என்று தாதியிடம் கேட்பதில் பிழையில்லை.

தியேட்டருக்குள் நடப்பது இது. சின்னப் பிள்ளைக்கு முகமூடியால் மயக்க வாயு, அல்லது கையில் ஊசிக் குழாய். மரக்கச் செய்யும் களிம்பைக் கையில் பூசினால் ஒரு மணித்தியாலத்தில் ஊசி நோகாது, இருக்கிறதா என்று கேட்கலாம். வாயில் வேலை என்பதால் மூச்சுக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாக இறக்குவார்கள். பிறகு மூக்கில் கொஞ்சம் இரத்தம், தொண்டையில் நோ இருந்தால் காரணம் அதுதான். இரத்தமும் தண்ணீரும் கீழே போகாமல் தொண்டையில் ஈரத்துணி அடைப்பதும் வழக்கம். வேலை முடிந்ததும் அது எடுக்கப்பட்டதா என்று சத்தமாகச் சொல்லி எண்ணிச் சரிபார்க்கவேண்டும், மறந்தால் மூச்சடைக்கும். நல்ல தியேட்டர் குழு இதை ஒருபோதும் அவசரமாகச் செய்யாது. மயக்கத்தில் இருந்தாலும் விறைப்பூசி போடுவார்கள், எழும்பும்போது நோ குறைவாக இருக்க.

மூளை பாதிக்குமா என்ற கேள்வி எல்லாப் பெற்றோரிடமும் உண்டு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது 3 வயதுக்குக் கீழே, திரும்பத் திரும்ப அல்லது 3 மணித்தியாலத்துக்கு மேல் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றி. ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த ஒரு தடவை மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளை 5 வயதில் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது, அறிவுத்திறனில் வித்தியாசம் காணப்படவில்லை. இரண்டாவது மயக்கத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு அந்த எச்சரிக்கையும் ஒரு காரணம்.

எழும்பியதும் பிள்ளை கத்திக் கைகாலை அடித்து, தாயைக்கூடத் தெரியாததுபோல் நடக்கலாம். மயக்க வாயுவின் விளைவு, பாலர் வயதில் இது அதிகம். பொதுவாக 15 முதல் 30 நிமிடத்தில் அடங்கும். மடியில் வைத்துக்கொண்டால் போதும், உலுக்கிக் கூப்பிடவேண்டாம். அடுத்து விறைத்த உதடு. உணர்ச்சி இல்லாத உதட்டைப் பிள்ளை கடித்துக் கடித்துப் புண்ணாக்கிவிடும், மறுநாள் வீங்கி வெள்ளையாய் இருப்பதைப் பார்த்துச் சீழ் என்று ஓடிவருவார்கள். விறைப்புப் போகும்வரை, இரண்டு மூன்று மணித்தியாலம், வாயைப் பார்த்தபடி இருங்கள்.

வீட்டில் பஞ்சுத் துணியை 20 முதல் 30 நிமிடம் கடிக்க வைத்தால் கசிவு நிற்கும். எச்சிலில் கலந்த இளஞ்சிவப்பு சாதாரணம், கட்டியாய்ச் சிவப்பு விடாமல் வந்தால் இரவென்றாலும் போகவேண்டும், 1990 அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அன்று துப்புவது, ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது, சூடான கஞ்சி மூன்றும் வேண்டாம். ஆறின கஞ்சி, தயிர், குழைத்த சோறு நல்லது. பனடோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 15 கிலோப் பிள்ளைக்கு 9 மில்லிலீற்றர். போத்தலின் அளவை முதலில் வாசியுங்கள். காய்ச்சல் வந்தால் ஐபுபுரோபன் பக்கம் போகவேண்டாம். இங்கே டெங்குக் காலம் வந்து வந்து போகும், அந்த மருந்து டெங்குவில் இரத்தப்போக்கைக் கூட்டும். பல்லுக்குச் செய்ததால்தான் காய்ச்சல் என்று முடிவுகட்டாமல் இரண்டாம் நாளும் காய்ந்தால் இரத்தம் சோதியுங்கள்.

பெரியவர்களின் ஞானப்பல் பற்றிச் சுருக்கமாக: எலும்புக்குள் படுத்துக்கிடக்கும் இரண்டு மூன்று பல்லை ஒன்றாக எடுக்க மயக்கம் பொருத்தம். ஒற்றைப் பல்லுக்கு விறைப்பூசி போதும். நோன்பு மாதத்தில் திகதி கிடைத்தால் மாற்றக் கேளுங்கள், பின்னர் மருந்தும் தண்ணீரும் பகலிலும் தேவை. எடுத்து மூன்றாம் நான்காம் நாள் நோ குறையாமல் கூடினால் பல் குழி வறண்டிருக்கும், மருந்து வைத்துவிட்டால் அடங்கும்.

குறை என்று சொல்லவேண்டியவை இரண்டு. தியேட்டரைப் பிரசவத்தோடும் விபத்தோடும் பங்கிடும் ஆஸ்பத்திரியில் பல் பட்டியல்தான் முதலில் வெட்டுப்படும். உயிர் போகிற கேஸ் முன்னே போவது நியாயம், ஆனால் காலை மூன்று மணிக்கு வெருகலில் பஸ் ஏறியவர்களுக்கு முதல்நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பாவது வேண்டும். உங்கள் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, யார் அழைப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, முடிந்தபின் பார்க்கும் திகதி. ஒரு வாரத்தில் ஒருதரம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதரம் என்று கொப்பியில் திகதி விழாமல் வாட்டை விட்டு இறங்காதீர்கள். கடைவாய்ப் பாற்பல் கழற்றியிருந்தால் பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கும் கம்பி தேவையா என்றும் அன்றே கேளுங்கள். மற்றது வீட்டில்: 1000 பிபிஎம் புளோரைட் உள்ள பற்பசை, 3 வயதுக்குக் கீழே அரிசியளவு, மேலே பட்டாணியளவு, இரவில் பெரியவர் ஒருவர் துலக்கிவிடவேண்டும். படுக்கையில் பால் போத்தலோடு நித்திரை கொள்ளும் பழக்கம் அன்றோடு நிற்கவேண்டும். அது நிற்காவிட்டால் மூடி போட்ட பல் தப்பும், அதற்குப் பக்கத்துப் பல் ஒரு வருடத்துக்குள் சூத்தையாகும்.