"தானா எரியும்" சாவிக்கொத்தா? மூன்று நாள் அரிசி டிரம்மில் போட்டுப் பாருங்கள்

1,850 ரூபாய் போனது. பெரிய தொகையா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். இருட்டில் தானாக மினுங்கும் டிரிட்டியம் சாவிக்கொத்து என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு இது விளையாட்டுச் சாமானாகத் தேவைப்படவில்லை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். மோட்டார் ரூம் சாவி எப்போதும் அப்பாவிடம்தான். ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் மோட்டாரைப் போட்டுவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மடை திருப்பப் போவார். திரும்பி வரும்போது இடுப்பில் சாவி இருக்காது. போன ஐப்பசியில் அப்படி விழுந்த சாவியை டார்ச் அடித்து இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் விடிந்த பிறகுதான் மஞ்சள் காட்டுக்குள் கிடைத்தது. டார்ச் அடித்தால் பார்க்கிற இடம் மட்டும்தான் தெரியும். சாவியே சின்னதாக மினுங்கிக்கொண்டு கிடந்தால், டார்ச்சை அணைத்துவிட்டு நின்று பார்த்தாலே போதும். அந்த யோசனையில்தான் தேட ஆரம்பித்தேன்.

தேடியதும் விளம்பரம் வந்து நின்றது. இப்போதெல்லாம் அப்படித்தானே. "பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், 25 வருடம் இரவு பகல் தானாக எரியும், சுவிஸ் தொழில்நுட்பம்." கூடவே ஒரு வீடியோ. இருட்டு அறையில் ஒரு கை அந்தச் சாவிக்கொத்தைப் பிடித்திருக்கிறது. பச்சை வெளிச்சத்தில் கைரேகை வரை தெரிகிறது. வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "ரேடியம் ஸ்டிக்கர் மாதிரி இல்லையே?" உடனே பதில் வந்தது: "ரேடியம் இல்லை சார், ஒரிஜினல் டிரிட்டியம்." அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. யூபிஐயில் பணம் போட்டேன். போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. அதைப் பார்த்தும் போட்டேன்.

உண்மையான பொருள் எப்படி இருக்கும் என்று வாங்கிய பிறகுதான் படித்தேன். வரிசை தலைகீழ்தான், என்ன செய்வது. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனில் ஒரு வகை. அணுக்கருவில் ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஹீலியம்-3 ஆகிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு அணு சிதையும்போதும் ஒரு எலக்ட்ரான் வெளியே பாயும். இந்த வாயுவைச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, இரண்டு முனையையும் உருக்கி மூடிவிடுகிறார்கள். குழாயின் உட்புறம் பாஸ்பர் பூச்சு. எலக்ட்ரான் அதன் மேல் மோதினால் ஒளி வரும். பழைய டிவி பிக்சர் டியூபில் நடந்த அதே வேலைதான், கரண்ட் இல்லாமல் நடக்கிறது. அந்த எலக்ட்ரானுக்குக் கண்ணாடியைத் தாண்ட வலு இல்லை. காற்றிலேயே ஆறு மில்லிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். அதனால் பையில் வைத்திருப்பவருக்கு ஆபத்து இல்லை. குழாய் உடைந்தால் மட்டும் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

இது மலிவான சரக்கும் இல்லை. கல்பாக்கத்தில் இருப்பது போன்ற, கனநீர் (எடை கூடிய ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) பயன்படுத்தும் அணு உலைகளில் டிரிட்டியம் தானாகச் சேரும். கனடாவில் டார்லிங்டன் அணுமின் நிலையத்தில் கனநீரிலிருந்து அதைத் தனியாகப் பிரித்தே எடுக்கிறார்கள். கிராமுக்குப் பல்லாயிரம் டாலர். ஒரு சாவிக்கொத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு போதும் என்பதால்தான் சாதாரண ஆளும் வாங்க முடிகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். ஆறாம் நாள் கூரியர் வந்தது. கருப்பு அட்டைப் பெட்டி, உள்ளே பஞ்சு, நடுவில் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி, அதற்கொரு வளையம். வாசலில் நின்று பிரித்தேன். சித்திரை வெயில். உள்ளே கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். அடேயப்பா! வீடியோவில் வந்ததைவிடப் பிரகாசம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமையாக மோட்டார் ரூம் சாவியில் மாட்டியும் கொடுத்தேன்.

நான் ஏமாந்தது பணம் அனுப்பிய நேரத்தில் இல்லை, இந்த இடத்தில்தான். அது பிரகாசமாக இருந்தது என்பதே அது போலி என்பதற்கு அடையாளம். உண்மையான டிரிட்டியம் குழாய் மங்கலாகத்தான் இருக்கும். பகலில் பார்த்தால் எரிகிறதா என்றே தெரியாது. நன்றாக இருட்டிய அறையில், கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, சீராக ஒரு மெல்லிய பச்சை. கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கைரேகை தெரிகிற அளவுக்கு வெளிச்சம் காட்டும் வீடியோ என்றால், ஒன்று கேமராவில் வித்தை, இல்லையென்றால் ஒரு நிமிடம் முன்புதான் அதன் மேல் டார்ச் அடித்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி மூன்று மணிக்கு அப்பாவிடமிருந்து போன். "ஏஞ்சாமி, நீ வாங்கிக் குடுத்த பச்சை வெளக்கு தூங்கிப் போச்சாட்ட இருக்குது." சாவி விழவில்லை, கையில்தான் இருந்திருக்கிறது. கையில் இருப்பதே தெரியவில்லை என்றார்.

மறுநாள் காலை விற்றவருக்கு எழுதினேன். அவர் அனுப்பிய பதிலை வாழ்நாளில் மறக்க மாட்டேன்: "வெயில்ல ஒரு மணி நேரம் வைங்க சார், ஃபுல் சார்ஜ் ஆயிடும்."

"தானா எரியறதுக்கு எதுக்குங்க வெயில்?"

பத்து நிமிடம் "டைப்பிங்" என்று ஓடியது. அப்புறம், "இது சோலார் டிரிட்டியம் சார், புது மாடல்." அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. டிரிட்டியத்துக்கு வெயிலும் வேண்டாம், மழையும் வேண்டாம், பாழும் கிணற்றுக்குள் போட்டாலும் தன் பாட்டுக்கு எரியும். அதைச் சொன்னதும் ஒரு வீடியோ வந்தது. புற ஊதா டார்ச்சை அடித்து, குச்சி பளீரென்று மின்னுவதைக் காட்டி, "பாருங்க, ஒரிஜினல்" என்றார். டார்ச் அடித்தால் மின்னுவது ஒரிஜினலுக்குச் சாட்சி இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பெட்டியைப் பிரிக்கும்போது இடைவிடாமல் எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அதோடு பிளாக்.

எனக்கு அப்போதும் ஒரு சின்ன சந்தேகம். ஒருவேளை இது பழைய குழாயோ, நாம்தான் அவசரப்படுகிறோமோ என்று. அதைத் தீர்த்து வைத்தவர் மாமா. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2012இல் சிங்கப்பூரில் வாங்கிய ஒரு வாட்சை இன்னும் கட்டுகிறார். முள்ளிலும் மணிக்குறியிலும் ஊசி போன்ற டிரிட்டியம் குழாய்கள். முகப்பின் அடியில் ஆங்கில 'டி' எழுத்தும் 25 என்ற எண்ணும் பொடியாக அச்சாகியிருக்கும். உள்ளே இருக்கும் டிரிட்டியத்தின் கதிரியக்கம் 25 மில்லிக்யூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் இல்லை என்பதற்கான குறி அது. இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"ரெண்டையும் அரிசி டிரம்முல போடு மாப்ளே. மூணு நாள் மூடியத் தொறக்காத" என்றார்.

"அம்மா அரிசி எடுக்கணுமேங்க மாமா."

"மூணு நாளைக்குத் தேவையானத இப்பவே அளந்து வெளிய வையி."

மூன்றாம் நாள் ராத்திரி, கரண்ட்டை அணைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு மூடியைத் திறந்தோம். அரிசிக்கு மேல் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள் வட்டமாக, நடுவே இரண்டு முள். மணி ஒன்பது பத்து. பக்கத்தில் என் 1,850 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கருப்பு. கையை விட்டுத் துழாவித்தான் எடுத்தேன்.

வாட்ச் புதிதில் இன்னும் நன்றாகத் தெரியும், இப்போது பாதிதான் என்றார் மாமா. கணக்கும் அதேதான் சொல்கிறது. டிரிட்டியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைந்துபோக ஆகும் காலம், 12.3 ஆண்டு. 2012இல் வாங்கியது இப்போது பாதிக்கு வந்திருக்க வேண்டும். அப்படியானால் "25 வருடம் அப்படியே எரியும்" என்பது உண்மையான டிரிட்டியத்துக்கே பொய். 25 வருடத்தில் வாயு கால்வாசிக்கு இறங்கிவிடும், உள்ளே இருக்கும் பாஸ்பரும் தேய்ந்திருக்கும். ஒழுங்காக விற்கிறவர்கள் பத்து வருடத்தை ஒட்டித்தான் பேசுவார்கள்.

அப்புறம் குச்சியை அறுத்தேன். (உண்மையானது என்று துளி சந்தேகம் இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள்.) ரம்பத்தால் நடுவில் அறுத்தால் கண்ணாடிக் குழாயே இல்லை. வெளிறிய பச்சைத் தூளைப் பிசினில் குழைத்து ஊற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அறுத்த தூள் நகக்கண்ணில் ஒட்டி, அன்று சினிமா பார்க்கும்போது என் விரல் மினுங்கியது. அனேகமாக ஸ்ட்ரான்சியம் அலுமினேட். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிற பொருள். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பொருள்தான், ஸ்விட்ச் பக்கத்தில் ஒட்ட, படிக்கட்டு ஓரத்தில் ஒட்ட, ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்கு வேறு பேர் வைத்து 1,850 வாங்கியதுதான் திருட்டு.

நம் ஊரில் இந்தத் திருட்டு எளிதாக நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மினுங்குவது, பிரதிபலிப்பது எல்லாமே நமக்கு 'ரேடியம்'. பைக் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டித் தரும் கடைக்குப் பேரே ரேடியம் கடை. அங்கே ரேடியம் ஒரு துளியும் கிடையாது என்பது கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நூறு வருடம் முன்பு நிஜ ரேடியத்தைக் கடிகார முகப்பில் பூசினார்கள். நியூ ஜெர்சியில் அந்தத் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய பெண்கள் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். அந்தப் பேர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. பேரும் பொருளும் ஒட்டாமல் இருப்பது நமக்குப் பழகிவிட்டதால், 'டிரிட்டியம்' என்று ஒருவன் சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. நிஜமானதே வந்திருந்தாலும் எனக்குச் சிக்கல்தான். டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். இங்கே இறக்குமதி செய்ய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். பிரிட்டனில் இந்தச் சாவிக்கொத்தைச் சாதாரணமாக விற்கிறார்கள். அமெரிக்காவில் வாட்சுக்கும் துப்பாக்கியில் குறிபார்க்கும் பாகத்துக்கும் உரிம விலக்கு உண்டு, சாவிக்கொத்து என்றால் வீண் உபயோகம் என்று மறுத்துவிடுகிறார்கள். நாட்டுக்கு நாடு இப்படி. பில் இல்லாமல், முகவரி இல்லாமல், வாட்ஸ்அப்பில் ஒருவர் "ஒரிஜினல்" தருகிறேன் என்றால், ஒன்று பொருள் பொய் அல்லது வந்த வழி பொய். இது முதல் நாளே என் தலையில் ஏறியிருக்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நம் ஊரிலேயே போடலாம். ஆனால் யார் மேல் போடுவது? கூரியர் உறையில் அனுப்பியவர் முகவரி மழையில் கரைந்தது போல இருந்தது, கீழே இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பெரிய தளங்களில் வாங்கியிருந்தால் விற்பவர் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரி எல்லாம் போட்டிருக்க வேண்டும் என்று 2020இல் வந்த இணைய வணிக விதி சொல்கிறது. நான் அந்தப் பாதுகாப்பை நானே தாண்டிக் குதித்து வெளியே போய் வாங்கினேன்.

மோட்டார் ரூம் சாவியில் அப்பா இப்போது கன்றுக்குட்டியின் பழைய சலங்கையைக் கட்டியிருக்கிறார். விழுந்தால் சத்தம் கேட்கிறதாம்.

போன வாரம் அதே வீடியோ மறுபடி என் போனில் வந்தது. அதே கை, அதே கைரேகை, கடைப் பேர் மட்டும் வேறு. விலை 2,200. இந்த முறை 30 வருடம் எரியுமாம்.