ரோமானியப் பழமொழிகளை மூலத்தோடு படிக்க: லோப் வரிசையின் 284ஆம் தொகுதி

'ரோமானியப் பொன்மொழி' என்று இணையத்தில் சுற்றும் வரிகளில் பல பண்டைய ரோமின் நாடக ஆசிரியர் புப்லிலியுஸ் சிருஸ் பெயரில் ஓடுகின்றன. எது அவருடையது, எது பாதியில் வெட்டப்பட்டது என்று சரிபார்க்கக் கைகொடுக்கும் நூல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 'மைனர் லத்தீன் பொயட்ஸ்' முதல் தொகுதி. கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் தரும் லோப் வரிசையில் இதன் எண் 284. 1934இல் வெளிவந்த பதிப்பு. இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம், அடியில் குறிப்புகள்.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். அதே தலைப்பில் 434 என்ற எண்ணோடு இரண்டாம் தொகுதி ஒன்று உண்டு. அதில் புப்லிலியுஸ் இல்லை. 284இலும் அவருக்கு ஏறக்குறைய நூறு பக்கம்தான். மீதியில் வேட்டை, எட்னா எரிமலை பற்றியெல்லாம் பிறர் பாடிய கவிதைகள்.

புப்லிலியுஸ் சிரியாவிலிருந்து அடிமையாக ரோமுக்கு வந்து விடுதலை பெற்றவர், மைம் என்ற கேலி நாடக வகையை எழுதி நடித்தவர் (இன்றைய மைம் போல அது பேச்சில்லாதது அல்ல). கி.மு. 46இல் சீசர் நடத்திய விழாவில் இன்னொரு மைம் ஆசிரியரான லபேரியுஸைப் போட்டியில் வென்றவர். நாடகங்கள் அழிந்துபோயின. அவற்றிலிருந்து பிறர் பொறுக்கி, முதலெழுத்து வரிசையில் அடுக்கிய 700க்கு மேற்பட்ட ஒற்றை வரிகளே மிச்சம். பார்வைக்கு ஆத்திசூடி மாதிரி இருக்கும். ஆனால் இவை பாத்திரங்கள் பேசிய வசனங்கள். யார் யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஆசிரியரின் அறிவுரையாக எடுத்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று முட்டும்.

மூலம் பக்கத்திலேயே இருப்பதன் அருமை ஒரு வரியில் புரிந்துவிடும். 'விரைந்து கொடுப்பவன் இருமுறை கொடுக்கிறான்' என்பது எல்லோருக்கும் தெரிந்த வடிவம். இங்கே இருப்பதோ 'இனோபி பெனெஃபிகியும் பிஸ் தத் க்வி தத் கெலெரிதெர்'. முதல் சொல்லான 'இனோபி' என்றால் 'இல்லாதவனுக்கு'. இரட்டிப்புப் பலன் வறியவனுக்குக் கொடுக்கும்போதுதான். அந்தச் சொல் போனதும் வரியின் உயிரே போய்விட்டது.

இன்னொன்று: 'ஹெரேதிஸ் ஃப்லேதுஸ் சுப் பெர்சோனா ரீசுஸ் எஸ்த்'. வாரிசின் அழுகை, முகமூடிக்குள் சிரிப்பு. மைம் நடிகர்கள் முகமூடி அணிவதில்லை என்பதை நினைவில் வைத்துப் படித்தால் வரி இன்னும் கூர்மையாகும்.

'உருளும் கல்லில் பாசி படியாது' என்பதையும் இவர் தலையில் கட்டுவார்கள். இந்தத் தொகுப்பில் அது இல்லை.

குறை ஆங்கிலப் பக்கத்தில் இருக்கிறது. நடை பழையது, லத்தீனில் ஐந்தாறு சொல்லில் முடிவது அங்கே நீண்டு தளர்ந்துவிடுகிறது. ஆகவே முதலில் இடப்பக்கத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு வலப்பக்கம் போங்கள். ஒரே மூச்சில் ஐம்பது வரி படித்தால் எதுவும் தங்காது. ஒரு நாளைக்குப் பத்து போதும். வாங்குமுன் பார்க்க விரும்பினால், இந்தப் பகுதி லாகஸ்கர்ட்டியஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.