ஜோ லண்டனுக்கு வந்த நாள்: ஒரு நாவலும் நான்கு படங்களும்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கில இலக்கிய வகுப்பு எடுக்கிறேன். பரீட்சைக்குரிய நூல்களோடு நின்றுவிடாமல் பெரிய நாவல் ஒன்றையாவது பிள்ளைகள் முழுதாக வாசித்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இம்முறை எடுத்தது சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. இங்கிலாந்துப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்துவரும் புத்தகம். 1860 டிசம்பர் முதல் 1861 ஓகஸ்ட் வரை வாராந்தத் தொடராக வந்தது. மொத்தம் 59 அத்தியாயங்கள். தடிமனைப் பார்த்ததுமே ஒரு மாணவி கேட்டுவிட்டாள்: “இதற்குப் படம் இருக்கிறதாமே மிஸ், அதைப் பார்த்தால் போதாதா?”

கேட்டதில் தவறில்லை. வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளைகள். விக்டோரியா காலத்து நீண்ட வாக்கியங்கள் அவர்களைத் திணறடிக்கும். டேவிட் லீனின் 1946ஆம் ஆண்டுப் படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மைக் நியூவெலின் 2012ஆம் ஆண்டுப் படம் வண்ணத்தில், தெளிவான ஒலியுடன் கிடைக்கிறது. கதையை நம் காலத்துக்கு இழுத்துவந்த இரண்டு படங்களும் உண்டு: அல்ஃபோன்சோ குவாரோனின் 1998ஆம் ஆண்டுப் படம், காஷ்மீரில் நடக்கும் 2016ஆம் ஆண்டின் ஹிந்திப் படமான ‘ஃபித்தூர்’. நான்கையும் பார்த்தேன். கடைசியில் நாவலைத்தான் முதலில் வைத்தேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். பெற்றோரை இழந்த பிப்பை அவனுடைய அக்காவும் அவள் கணவர் ஜோவும் வளர்க்கிறார்கள். ஜோ ஒரு கொல்லர். தப்பியோடிய கைதி ஒருவனுக்குச் சிறுவன் பிப் பயந்து நடுங்கியபடி உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். பின்னாளில் யாரோ அவனுக்குப் பணம் அனுப்ப, லண்டனுக்குப் போய்க் கனவான் ஆகிறான். பணம் யாருடையது என்பதுதான் முடிச்சு.

படங்கள் வெல்லும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சதுப்பு நிலம், கல்லறை, காற்றில் முறியும் மரங்கள், திடீரென்று பிப்பைப் பற்றிக்கொள்ளும் கைதி: லீனின் தொடக்கக் காட்சி உலக சினிமாவில் பேர்பெற்றது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஒஸ்கார் கிடைத்தது. ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நிறுத்தப்பட்ட கடிகாரங்கள், அழுகிய கலியாணக் கேக், மணநாளில் கைவிடப்பட்டு மஞ்சளேறிய மணப்பெண் உடையிலேயே வாழும் பணக்காரி மிஸ் ஹாவிஷம். இவற்றை நான் மூன்று நாள் விளக்குவதைவிட லீனின் மூன்று நிமிடம் போதும். பனிமூட்டத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருடிய உணவோடு பிப் ஓடும்போது வழியில் நிற்கும் மாடுகள்கூட “அடே திருடா” என்று பார்ப்பதாக டிக்கன்ஸ் எழுதுகிறார். ஜூலை மாதத்தில் மஸ்கெலியாப் பக்கம் விடியற்காலையில் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தைப் படமாகக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது தொடக்கமும் அல்ல, மிஸ் ஹாவிஷமும் அல்ல. 27ஆம் அத்தியாயம். ஜோ லண்டனுக்கு வருகிறார்.

வரப்போவதாகக் கடிதம் வருகிறது. பிப்புக்கு மகிழ்ச்சி இல்லை. பணம் கொடுத்து அவரைத் தடுக்க முடியுமென்றால் நிச்சயமாகக் கொடுத்திருப்பேன் என்று அவனே சொல்கிறான். மாடிப்படியில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவுகளில் எழுதியிருக்கும் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்து வருகிறார் ஜோ. உள்ளே வந்தவருக்குத் தன் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முட்டைகளுள்ள பறவைக்கூட்டைப் போல இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் கணப்படுப்பின் மேல்தட்டு ஓரத்தில் வைக்கிறார். அது விழுகிறது. பிடிக்கிறார், வைக்கிறார், மறுபடி விழுகிறது. சாப்பாட்டு மேசையில் அவர் உண்டதைவிடச் சிந்தியது அதிகம். தான் தூக்கி வளர்த்த பையனை ஒரு தரம் பெயர் சொல்லியும் மறு தரம் “சேர்” என்றும் அழைக்கிறார்.

வகுப்பில் இதை வாசித்தபோது முதலில் சிரிப்பு. “சேர்” வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தேயிலைத் தோட்டத்து ஒப்பீசில் கிளாக்கர் முன்னால் அப்பா நிற்கும் விதத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழகத்துக்கோ கொழும்பில் வேலைக்கோ போன அண்ணன்மார், “ஊர் எது?” என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் “நுவரெலியா” என்பதும் அவர்களுக்குத் தெரியும். விடுதிக்குப் பார்க்க வந்த அப்பாவை வாசலோடு பேசி அனுப்பியவர்களும் நம்மிடையே உண்டு. அன்று பாடத்தை நான் விளக்கவேயில்லை.

இந்தக் காட்சியை ஒவ்வொரு படமும் என்ன செய்கிறது? லீனின் படத்தில் ஜோவாக வரும் பேர்னாட் மைல்ஸ் மிக நல்ல நடிகர், தொப்பியும் விழுகிறது. கனவானாக முயன்று மேட்டிமைக்காரனாகிவிட்டேன் என்ற பொருளில் பிப்பின் குரல் ஒரு வாக்கியம் சொல்கிறது. பார்ப்பவருக்குத் தீர்ப்புக் கையில் கிடைத்துவிடுகிறது, கதை நகர்கிறது. குவாரோனின் படத்தில் நாயகன் ஓவியன். அவனுடைய நியூயோர்க் கண்காட்சிக்கு ஜோ வந்து கண்ணாடிக் குவளைகளை உடைக்கிறார். துடிப்பான காட்சிதான், உடம்பு கூசுகிறது. ஆனால் அந்தக் கூச்சம் ஒரு விருந்தில் நேர்ந்த சங்கடத்தின் அளவுதான். (அந்தப் படம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடியதும் அல்ல.) நியூவெலின் படத்தையும் ‘ஃபித்தூரை’யும் ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை, ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். முன்னதில் ரேல்ஃப் ஃபைன்ஸின் கைதி மனதில் நிற்கிறார். பின்னதில் கதையைவிடச் சிவந்த சினார் இலைகள்தான் நிற்கின்றன.

நாவலில் தீர்ப்பு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. தான் ஜோவிடம் இயல்பாக இருந்திருந்தால் ஜோவும் தன்னிடம் இயல்பாக இருந்திருப்பார், எல்லாம் தன் பிழைதான் என்பதை உணரும் புத்தியோ நல்ல மனமோ அன்று தனக்கு இல்லை என்று வயதான பிப் எழுதுகிறான். அன்றைய பிப் எரிச்சலில் இருக்கிறான், எழுதும் பிப் வெட்கத்தில் இருக்கிறான். இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் வைக்க முடிவது எழுத்தால். திரையில் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் தெரியும். மேலும் லீனின் பிப்பாக நடித்த ஜோன் மில்ஸுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது; இருபது வயதுப் பையனின் அசட்டுக் கர்வம் அந்த முகத்தில் எப்படி ஒட்டும்?

ஜோ போகும்போது பேசுவது இந்த நாவலின் மிகச் சிறந்த பக்கம். இந்த உடுப்பில் நான் தப்பான ஆள், பட்டறையிலும் அடுப்படியிலும் பார்த்தால் என்னிடம் இதில் பாதிக் குறைகூடத் தெரியாது என்கிறார். குற்றம் சாட்டவில்லை, இரந்து நிற்கவும் இல்லை. போய்விடுகிறார். பிப் தன்னைத் தேற்றிக்கொண்டு பின்னால் ஓடித் தெருக்களில் தேடுகிறான், ஆள் இல்லை. சரி, திருந்திவிட்டான் என்று நினைப்போம். அடுத்த அத்தியாயத்திலேயே ஊருக்குப் போகும் அவன், ஜோவின் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்குவதற்கு ஒவ்வொரு சாக்காகக் கண்டுபிடிக்கிறான். தன்னைத்தானே ஏமாற்றுபவனுக்கு முன்னால் உலகத்து மோசடிக்காரர்கள் ஒன்றுமேயில்லை என்கிறான். வெட்கப்பட்ட பிறகும் மாறாத மனிதன்! வாரம் ஒரு பகுதியாகக் காத்திருந்து வாசித்தவர்களுக்கு அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சுருக்கப் பதிப்புகளையும் இதே காரணத்துக்காகத்தான் ஒதுக்கினேன். சம்பவங்களைத் தக்கவைக்க இந்தத் தயக்கங்களைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

பணம் அனுப்பியவர் யார் என்பது தெரியவரும் 39ஆம் அத்தியாயத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறுவயதில் பிப் உணவு கொடுத்த அதே கைதி, நியூ சவுத் வேல்ஸில் ஆடு மேய்த்துப் பாடுபட்ட மெக்விச், நீ சொகுசாக வாழ நான் கரடுமுரடாக வாழ்ந்தேன் என்று பிப்பிடம் சொல்கிறான். கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒருவர் முதுகு வளைய, இங்கே ஒருவர் கையுறை அணிவது. அதை விளங்கிக்கொள்ள மலையகத்துப் பிள்ளைக்கு உரைநூல் வேண்டியதில்லை. இந்த இடத்தில் புயலும் மழையும் இருட்டுமாகப் படங்களும் ஈடுகொடுக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முடிவைப் பற்றி வகுப்பு இன்னும் சண்டை போடுகிறது. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், மிஸ் ஹாவிஷம் வளர்த்த, பிப் காதலிக்கும் எஸ்டெல்லா வேறொருவரின் மனைவி. தெருவில் சந்தித்துப் பிரிகிறார்கள். நண்பரான நாவலாசிரியர் புல்வர் லிட்டனின் பேச்சைக் கேட்டு, இருவரும் சேரக்கூடும் என்று தோன்றும்படி அதை மாற்றினார். லீனோ மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்: பிப் திரைச்சீலைகளைக் கிழித்தெறிந்து மிஸ் ஹாவிஷமின் வீட்டுக்குள் வெயிலை விடுகிறான். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு முதல் முடிவுதான் பிடிக்கும்.

இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு: ஆங்கில மூலத்துக்குப் பதிப்புரிமை இல்லை, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். முழுதாக முடியாதென்றால் 1, 8, 27, 28, 39, 57 ஆகிய அத்தியாயங்களையாவது அச்செடுத்துச் சத்தமாக வாசியுங்கள். லீனின் படத்தை 39 முடிந்த பிறகு போடுங்கள். முதலில் போட்டால், 27ஐ வாசிக்கும்போது பிள்ளைகளின் தலைக்குள் ஜோன் மில்ஸ்தான் உட்கார்ந்திருப்பார்.