சிங்கப்பூர் - நியூயார்க் நேர் விமானம்: முழங்கால் வலிக்காரியின் மதிப்பெண் 4/5

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் சுமார் 15,350 கிலோமீட்டர். பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே. "அவ்வளவு நேரம் எப்படிம்மா உக்காருவே?" என்றாள் மகள். நடுவில் எங்கோ இறங்கி, பையை இழுத்துக்கொண்டு அடுத்த கேட்டைத் தேடி ஓடுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென்றே ஏ350-900 யூஎல்ஆர் என்ற, மிக நீண்ட தூரம் பறக்கும் விமான ரகத்தை விடுகிறது. சாதாரண எகானமியே கிடையாது. பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94 இருக்கைகள், அவ்வளவுதான்.

பிரீமியம் எகானமி என்றால் கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் கேளுங்கள். விமானம் பின்னால் குறுகுவதால் அங்கே ஒற்றை இருக்கைதான். பக்கத்தில் ஆளுக்குப் பதில் மூடி போட்ட பெட்டி. என் தைலம், மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதற்குள். யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். என் முழங்காலுக்கு அதுதான் மருந்து.

பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால் பாதை வட துருவத்தை ஒட்டிப் போகும். நாங்கள் போனதோ ஜப்பான் பக்கமாக, பசிபிக் மேலே. பின்காற்று கிடைத்தால் சுற்றிப் போனாலும் சீக்கிரம் சேரலாம்.

கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் கடிகாரம் கட்டியிருந்தால் திருப்பவே வேண்டாம்!

ஒரு மதிப்பெண் குறைத்தது தூரத்துக்காக. பதினான்காம் மணிக்கு மேல் எந்தச் சொகுசு இருக்கையும் இடுப்பை ஏமாற்றாது. கால் வீக்கம் வருபவர்கள் அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டே ஏறுங்கள்.